துப்பாக்கி மருந்துக்கு மரப்பெட்டி: அமெரிக்க வீட்டுப் பட்டறைகளுக்கான விதி

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்றால்தான் வேண்டும். ஆனால் அதற்கான துப்பாக்கி மருந்தையும், அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரையும் வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பது தீயணைப்பு விதிகளின் கையில் இருக்கிறது. குளிர்காலத்துக்குப் பட்டறையைப் பூட்டும் முன் இருப்பை எண்ணிவிடுங்கள்.

அளவுகள் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் தரவிதியில் உள்ளன. இன்றைய தோட்டாக்களில் போடும் புகையற்ற மருந்து 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வரை வாங்கிய டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை மரப்பெட்டியோ மர அலமாரியோ கட்டாயம். பலகை பெயரளவில் 1 அங்குலக் கனம் இருக்கவேண்டும். (மரக்கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது இழைத்தபின் முக்கால் அங்குலம்தான். அது போதும்.) பிரைமர் 10,000 வரை. மாநிலமும் ஊரும் இதைக் குறைத்திருக்கலாம், அடுக்குமாடி வீடு என்றால் கணக்கே மாறலாம். உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேட்டுவிடுங்கள். பழைய காலத்துக் கருமருந்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி வரம்பு.

இரும்புப் பெட்டகம் இருக்க மரம் எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. புகையற்ற மருந்து திறந்த இடத்தில் பற்றினால் சரசரவென்று எரிந்து தீரும். இறுக மூடிய இரும்புக்குள் அதே மருந்து பற்றினால் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, பெட்டகமே வெடிகுண்டாகும். மரம் வெளிச்சூட்டை உள்ளே விடச் சற்று நேரம் எடுக்கும்; உள்ளே பற்றினாலோ சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். அந்த நெகிழ்ச்சிதான் பாதுகாப்பு. ரப்பர் வளையம் போட்ட ராணுவத் தோட்டாப் பெட்டியில் மருந்தைத் திணிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிரைமரை அதன் தட்டை விட்டு எடுக்காதீர்கள். குழி குழியாகப் பிரித்து அடுக்கியிருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவற்றுக்குத் தாவாமல் இருக்க. கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால் மொத்தமும் ஒரே நொடியில் போகும். மருந்தும் பிரைமரும் ஒரே பெட்டியில் வேண்டாம். பெயின்ட் தின்னர், பெட்ரோல், ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம்.

குளிர் மருந்தைக் கெடுப்பதில்லை. கெடுப்பது சூடும் ஈரமும். ஜில்லிட்ட டப்பாவைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் உள்ளே நீர் கோக்கும். ஒருநாள் மூடியபடி விட்டுத் திறங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடாதீர்கள். அளவுக்கு மீறி உலர்ந்த மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தை ஏற்றும்.

மருந்து அளக்கும் கருவியைக் காலிசெய்து மிச்சத்தை அதே டப்பாவில் திருப்புங்கள். எந்த மருந்து என்று சந்தேகம் வந்தால் திருப்பவும் வேண்டாம், உபயோகிக்கவும் வேண்டாம். நைட்ரோகிளிசரின் கலந்த வகையைக் கருவியில் மாதக்கணக்கில் விட்டால் அதன் பிளாஸ்டிக் குழாயையும் அரித்துவிடும். தோட்டாவை அழுத்தி நிரப்பும் பிரெஸ்ஸின் தண்டிலும், கூட்டுக்கு வடிவம் தரும் எஃகு டைகளிலும் மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். அந்தக் கையோடு பிரைமரைத் தொடாதீர்கள். மின்னணுத் தராசின் பேட்டரியைக் கழற்றுங்கள்.

வசந்தத்தில் டப்பாவைத் திறந்ததும் முகருங்கள். ஈதர் போன்ற வாடை நல்ல மருந்துக்கு இயல்பு. மூக்கை எரிக்கும் அமில நெடியும் செம்பழுப்புத் தூசும் கண்டால் மருந்து சிதைகிறது என்று அர்த்தம். சிதையும் மருந்து தானே சூடேறிப் பற்றக்கூடும். மற்ற டப்பாக்களிலிருந்து விலக்கிவைத்து, அப்புறப்படுத்தத் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.