ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களா? ஓட்டும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

“நான் எட்டாவது கூடத் தாண்டவில்லை, எனக்கு லாரி, பஸ் ஓட்டும் ஹெவி லைசென்ஸ் கிடைக்குமா?” குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துப் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிடைக்கும். எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதியை மத்திய அரசு 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டது. பாதியில் படிப்பை விட்டுத் தோல் ஷாப்புக்குப் போனவர்களுக்கு இது பெரிய வாசல். இன்னும் நிறைய பேருக்குத் தெரியவில்லை.

மற்ற தகுதிகள் சுலபம். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பு பச்சை பிரித்துத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அரசின் சாரதி இணையதளத்தில் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் லைசென்ஸ் போட்டால் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்தபின் டெஸ்டுக்குப் போகலாம்.

மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஓட்டுவதற்குக் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. குட்டி யானை ஓட்ட மட்டும் நினைப்பவர்கள் ஹெவிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். டிரான்ஸ்போர்ட் வாகன லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழ் வேண்டும். அதற்கு என்ன பயிற்சி தர வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதி 31 சொல்கிறது: குறைந்தது 30 நாள் வகுப்பு, அதில் குறைந்தது 15 மணி நேரம் நீங்களே வண்டி ஓட்டியிருக்க வேண்டும். ஒரே லாரியில் ஆறேழு பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து இறக்கிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கேபினில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தது உங்கள் கணக்கில் சேராது. ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைத் தேதிவாரியாக எழுத படிவம் 15 என்ற பதிவேடு இருக்கிறது. பணம் கட்டும் முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஸ்கூல் பாருங்கள். ஸ்கூலுக்கு லைசென்ஸ் தருவதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான், விதி மீறினால் அதை நிறுத்துவதும் அவர்கள்தான். அதனால் புகாரை எழுத்தில் அங்கேயே கொடுக்கலாம்.

விதி 31பி-யின் கீழ் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்றால் 6 வாரம், 38 மணி நேரம். இரண்டு ஏக்கர் இடமும், வண்டி ஓட்டுவதுபோலவே திரையில் பழக்கும் சிமுலேட்டரும் இருந்தால்தான் ஹெவிக்கு அங்கீகாரம் தருவார்கள். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. டெஸ்டில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் மையமும் ஹெவி கற்றுத்தருவதில் பெயர் பெற்றவை. எங்கே சேர்ந்தாலும் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்கள் இலவசப் பயிற்சி ஏதும் உண்டா என்று மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பார்க்கும் கண்டெய்னர் டிரெய்லர்தான் கனவென்றால், ஸ்கூலின் பழைய லாரியில் பழகியது மட்டும் போதாது. ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகம் ஒடித்துவிட்டால் முன்வண்டியும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும். டிரெய்லரை முன்வண்டியில் மாட்டும்போதும் அவசரம் கூடாது. டிரெய்லருக்கு அடியில் இருக்கும் கிங் பின் என்ற இணைப்பு ஆணி முன்வண்டியில் பூட்டிக்கொண்டதா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்த்து, கழன்று வரவில்லை என்று தெரிந்தபின்தான் டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்க வேண்டும். இதை அனுபவமுள்ள டிரைவரோடு காலி மைதானத்தில் பழகாமல் லோடு ஏற்றாதீர்கள். உங்கள் பின்னால் பைக்கில் வருபவரின் உயிரும் இதில் இருக்கிறது.

லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி டெஸ்ட்.

ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு அமில டேங்கர் ஓட்ட நினைப்பவர்களுக்கு விதி 9 தனி. மூன்று நாள் ஆபத்தான சரக்குப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸ் 3 ஆண்டுதான். இங்கே ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் டேங்கர் வேலைக்குப் போவதாக இருந்தால், டேங்கர் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும் அளவுக்காவது ஆங்கில எழுத்தைப் பழகிக்கொண்டு போங்கள்.