அப்டேட்டுக்கு முன்னால் சும்மா ஒரு ரீபூட்

"நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது, அப்டேட் போட்ட பிறகு எழவே மாட்டேன் என்கிறது." ஐபிஎம் பவர் சர்வர்களில் பார்ட்டிஷன்களை, அதாவது ஒரே சர்வரைப் பிரித்துத் தனித்தனிக் கணினிபோல ஓட்டும் பகுதிகளை, பார்த்துக்கொள்பவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். பழி முழுக்க அப்டேட்டின் தலையில் விழும். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் கோளாறுகள் பல மாதங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்தவை. நடுவில் யாரும் ரீபூட் செய்யாததால் வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான். அவற்றில் ஓடும் ஐபிஎம்மின் இயங்குதளமான ஏஐஎக்ஸ் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடும். அந்த அப்டைமைப் பெருமையாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஓடுவது ஓரிடம், அடுத்த முறை எப்படி எழ வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது வேறிடம். எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்பது பார்ட்டிஷனின் என்விராமில், அதாவது அணைத்தாலும் அழியாத நினைவகத்தில், இருக்கிறது. பூட்லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் தெரிந்துவிடும். ஆட்கள் இதில் அதிகம் மாட்டுவது, பாதுகாப்புக்காக எடுக்கும் நகலால். பேட்ச் போடும் முன் ரூட்விஜியை (ஓஎஸ் இருக்கும் வட்டுத் தொகுதி) இன்னொரு வட்டுக்கு ஆல்ட் டிஸ்க் காப்பி கட்டளையால் நகல் எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கட்டளை வேலையை முடித்ததும், கேட்காமலேயே பூட்லிஸ்டை நகல் வட்டுக்கு மாற்றிவிடும். -B (பெரிய எழுத்து) ஆப்ஷன் கொடுத்தால்தான் சும்மா இருக்கும். இதைக் கவனிக்காமல் ஓடுகிற ரூட்விஜியில் பேட்ச் போட்டு ரீபூட் செய்தால், பேட்ச் இல்லாத நகல்தான் எழும். ஓஎஸ்லெவல் கட்டளை பழைய பதிப்பு எண்ணைக் காட்டும். "சரி, ஏறவில்லை போல" என்று மறுபடி போடுவார்கள், இந்த முறை நகலின் மேல். ஏதாவது சொதப்பினால் திரும்பிப் போக வைத்திருந்த வழி அத்தோடு போச்சு. அந்த நேரத்தில் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிவி அடித்துப் பார்த்தாலே போதும். பழைய வட்டுக்கு நேரே ஓல்ட்_ரூட்விஜி என்று வந்தால், நகலிலிருந்து எழுந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டு வட்டுகளில் ஒரே தரவை வைத்து மிரர் செய்த ரூட்விஜியில் ஒரு வட்டை மாற்றிவிட்டு, புதிய வட்டில் பாஸ்பூட் (எழத் தேவையான பூட் இமேஜை எழுதும் கட்டளை) போடவும் அதை பூட்லிஸ்டில் சேர்க்கவும் மறப்பது இன்னொரு ரகம்.

அதனால்தான் பேட்சைத் தொடும் முன், எதையும் மாற்றாமல் ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்கிறேன். "இருக்கிற டவுன்டைமே குறைவு, இதில் இது வேறா" என்று மேலாளர் முகம் சுளிப்பார். அப்போதே எழவில்லை என்றால் காரணம் பேட்ச் இல்லை என்று தெளிவாகிவிடும், ராத்திரி முழுக்கத் தவறான இடத்தில் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த ரீபூட்டும் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது. பார்ட்டிஷனுக்கு மெமரியோ பிராசசரோ விர்ச்சுவல் அடாப்டரோ ஓடும்போதே சேர்க்கலாம். சேர்த்தது ஓடும் அமைப்பில் இருக்கும். பார்ட்டிஷனுக்கு என்னென்ன தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் புரொஃபைலில் அது தானாக ஏறும் என்று நம்பக் கூடாது. ஓஎஸ்ஸுக்குள் இருந்தே ரீபூட் செய்தால் ஓடும் அமைப்பு அப்படியே தொடரும். ஷட்டவுன் செய்து, சர்வரை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியில் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட் செய்தால் அதில் எழுதியிருப்பதுதான் வரும். மற்ற பார்ட்டிஷன்களுக்கு வட்டையும் நெட்வொர்க்கையும் பகிர்ந்து தரும் விஐஓஎஸ் என்ற பார்ட்டிஷனில் இப்படிச் சேர்த்த ஒரு அடாப்டர் காணாமல் போனால், அதை நம்பியிருக்கும் பார்ட்டிஷனுக்கு வட்டே தெரியாது. சர்வரின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிய வெளியீட்டுக்கு உயர்த்துவதற்காக முழு சர்வரையும் அணைத்து எழுப்பும் இரவில்தான் இது வெளியே வரும். முந்தைய நாளே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தற்போதைய அமைப்பைப் புரொஃபைலில் சேமித்துவிடுங்கள். அப்படியே பூட் மோடையும் பாருங்கள். நிறுவும்போது எஸ்எம்எஸ் (பூட் அமைப்புக்கான மெனு) என்று வைத்துவிட்டு மறந்திருந்தால், மெனுவிலேயே நின்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு விஐஓஎஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை அப்டேட் செய்து எழுப்பிவிட்டு உடனே அடுத்ததற்குத் தாவுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இவர்களிடம் கிளையன்ட் பார்ட்டிஷனுக்கு ஒவ்வொரு விஐஓஎஸ் வழியாகவும் வட்டுக்கு ஒரு பாதை இருக்கும். பழைய ஏஐஎக்ஸ்களில் விர்ச்சுவல் ஸ்கஸி வட்டின் (விஐஓஎஸ் வழியாக வரும் வட்டு) ஹெச்செக்_இன்டர்வல், அதாவது பாதையைச் சோதிக்கும் இடைவெளி, இயல்பாக 0. அதாவது ஒருமுறை விழுந்த பாதை சரியாகிவிட்டதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் விஐஓஎஸ் நலமாக எழுந்திருந்தும் கிளையன்ட்டில் அதன் பாதை ஃபெயில்ட் என்றே கிடக்கும். அந்த நிலையில் இரண்டாவதை இறக்கினால் வட்டு கையைவிட்டுப் போகும். எல்லாக் கிளையன்ட்டிலும் பாதைகளின் நிலையைக் காட்டும் எல்எஸ்பாத் பார்த்து, அத்தனையும் எனேபிள்ட் ஆன பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அந்த இடைவெளியை 60 விநாடி என்று மாற்றுவது நல்லது. வட்டு பயன்பாட்டில் இருப்பதால் பெரும்பாலும், ஏஐஎக்ஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ஓடிஎம்மில் மட்டும் எழுதச் சொல்லி மாற்றுவோம், அப்போது அடுத்த ரீபூட்டில்தான் அமலுக்கு வரும்.

இன்னொன்று. விஐஓஎஸ் 2.2-இலிருந்து 3.1-க்கோ, 3.1-இலிருந்து 4.1-க்கோ போக வழக்கமான அப்டேட்ஐஓஎஸ் கட்டளை உதவாது. விஐஓஎஸ்அப்கிரேட் வழியாகப் புதிதாகவே நிறுவ வேண்டும். எந்த வட்டு எந்தக் கிளையன்ட்டுக்கு என்ற மேப்பிங்கை முன்கூட்டியே விஐஓஎஸ்பிஆர் கட்டளை கொண்டு சேமிப்போம். அந்தக் கோப்பு இயல்பாகப் போய் உட்காருவது விஐஓஎஸ்ஸின் நிர்வாகியான பேட்மின் பயனரின் ஹோம் டைரக்டரியில், அதாவது நாம் மாற்றப்போகிற அதே ரூட்விஜியில். வேறு ஒரு சர்வருக்கு அதை நகலெடுத்துவிட்டு, அங்கே போய்த் திறந்தும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.