"காந்தம் ஒட்டுதே அக்கா!"

போன சனிக்கிழமை ஒரு தம்பி வந்திருந்தான். சென்னைப் பையன். ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகிறது. டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒன்றைப் பத்திரமாக எடுத்து மேசைமேல் வைத்தான். முதல் உலகப்போர் கால இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் ராணுவப் பதக்கம், இரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் வாங்கியதாம். எவ்வளவு கொடுத்தாய் என்றேன். 650 யூரோ.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் மனம் நோகக் கூடாதே என்று லென்ஸ் வைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன். "போலிப்பா" என்றேன். அவன் கலங்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து அருகில் கொண்டுபோனான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "காந்தம் ஒட்டுதே அக்கா!"

காந்தம் ஒட்டினால் அசல் என்று நம்பி என்னிடம் வந்தவர்களில், இந்த வருடத்தில் இது ஏழாவது காந்தம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய உலோகப் பொருள்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் தொழில். ஏலக்கூடம் ஒன்றுக்கு ராணுவப் பதக்கங்களையும் பார்த்துக் கொடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு பெட்டியாவது மேசைக்கு வரும். அதில் வரும் போலிகளில் பாதி காந்தத்தில் ஒட்டும். முதலில் அதைப் பேசித் தீர்த்துவிடுவோம்.

இரும்புச் சிலுவையை 1813 மார்ச்சில், நெப்போலியனோடு போர் தொடங்கிய நேரத்தில், அப்போதைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் ஏற்படுத்தினார். கட்டடக்கலைஞர் ஷிங்கெல் வரைந்து கொடுத்த வடிவம். பிறகு 1870, 1914, 1939 என்று மூன்று முறை புதுப்பித்தார்கள். செய்முறை பெரிதாக மாறவில்லை: கறுப்புப் பூசிய இரும்புத் துண்டு ஒன்று நடுவில், அதை முன்னும் பின்னும் அணைத்துப் பிடிக்கும் இரண்டு வெள்ளி விளிம்புகள். மூன்று துண்டு. நடுவில் இரும்பு இருப்பதால் காந்தம் ஒட்டும். இதுவரை சரி.

இதில் ஒரே சிக்கல், இந்த விஷயம் போலி செய்பவனுக்கும் தெரியும். இரும்பு என்ன தங்கமா? கிலோ கணக்கில் கிடைக்கிறது. அவனும் நடுவில் இரும்பை வைக்கிறான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த இரும்பு 1914-இல் பெர்லினில் அடித்ததா, போன வருடம் ஏதோ ஒரு கொட்டகையில் அடித்ததா என்று காந்தத்துக்கு எப்படித் தெரியும்? என் வீட்டு தோசைக்கல்லிலும்தான் காந்தம் ஒட்டுகிறது. அது பிரஷ்யா தோசைக்கல் ஆகிவிடுமா?

மறுபக்கமும் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்றதும் நல்ல பொருளைத் தூக்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நடுவில் பித்தளை வைத்த அசல் சிலுவைகள் குறைவுதான், ஆனால் இருக்கின்றன. காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ்கள், தாக்குதல்களில் கலந்துகொண்டவர்களுக்கான பேட்ஜ்கள் போன்றவற்றைப் பித்தளை வகை உலோகத்திலும் துத்தநாகத்திலும் நிறையச் செய்தார்கள். அவற்றிடம் காந்தத்தை நீட்டி என்ன பயன்? போனமுறை ஒருவர் அருமையான துத்தநாக பேட்ஜைக் "காந்தம் ஒட்டலை" என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியவர் மனசுக்குள் சிரித்திருப்பார்.

சரி, தம்பியின் சிலுவைக்கு வருகிறேன். சந்தையில் கிடைக்கும் சாதாரண 1914 இரண்டாம் வகுப்புச் சிலுவை, அசலாகவே இருந்தாலும், நூறு யூரோவை ஒட்டித்தான் போகும். அந்தப் போரில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், அரிய பொருளே இல்லை. பிறகு ஏன் 650? கேட்டேன். தலையைச் சொறிந்தான். கடைக்காரர் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். இவன் சென்னை என்றிருக்கிறான். "மெட்ராஸா!" என்று அவர் கண்ணை விரித்து, மேசைக்கு அடியிலிருந்து இதை எடுத்து, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மாலுமியுடையது என்றிருக்கிறார்.

கதை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது உண்மை. அந்தக் கப்பல்காரர்களுக்கு இரும்புச் சிலுவை கிடைத்ததும் உண்மை. கெட்டிக்காரப் பயலை "சரியான எம்டன்" என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோம். இத்தனை உண்மைக்கு நடுவில் ஒரு பொய்யைச் சொருகுவது எவ்வளவு சுலபம்! நூறு யூரோப் பொருளுக்கு மீதி 550 கதைக்காகத்தான் போயிருக்கிறது. இங்கே பொருளும் போலி என்பதால் மொத்தமும் கதைக்குத்தான்.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். தாத்தாவின் பதக்கம், பரணில் கிடைத்தது, விதவைப் பாட்டி மனசில்லாமல் விற்றார், எல்லாம் கேட்டாயிற்று. பெயர் எழுதிய ஆவணம் கூடவே இருந்து, அந்த ஆவணமும் தனியே சோதனையில் தேறினால் பேசலாம். தட்டச்சு செய்த விருதுத் தாள்களிலும் போலிகள் ஏராளம்.

இனி எதைப் பார்ப்பது? பக்கவாட்டில் பாருங்கள். எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் இடுப்பைப் பார்ப்பேன். அசலில் இரண்டு விளிம்புகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். பற்றவைத்து அரம் போட்டு இழைத்திருப்பார்கள். சில இடத்தில் நன்றாகத் தேடினால்தான் தெரியும், ஆனால் இருக்கும். நடு இரும்புக்கும் வெள்ளி விளிம்புக்கும் இடையே நூலிழை அளவு இடைவெளி தெரியும், அது தனி, இது தனி என்று கண்ணுக்குப் புலப்படும். தம்பியின் சிலுவையில் அந்த எல்லையே இல்லை. மொத்தமும் ஒரே இரும்பு வார்ப்பு. மேலே வெள்ளி நிறமும் கறுப்பு நிறமும் பூசியிருந்தார்கள்.

நகைக்கடைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வார்ப்புக்கும் அச்சில் அடித்ததற்கும் வித்தியாசம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள். விளிம்பின் உட்பக்கம் ஓடும் சின்னச் சின்ன மணிகளைப் பாருங்கள். அச்சில் அடித்தது மணிமணியாக, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். வார்த்தது மழையில் நனைந்த சீனி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மேல்கையிலுள்ள கிரீடத்தின் வளைவுகள், நடுவிலுள்ள டபிள்யூ எழுத்தின் ஓரம், பின்பக்கத்து ஓக் இலை நரம்பு எல்லாம் இப்படித்தான். குண்டூசித் தலையளவு குழிகள் தெரிந்தால் அது வார்க்கும்போது சிக்கிய காற்று. அசலை அச்சுப் பிடித்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும், அளவு குறையும். 1914 இரண்டாம் வகுப்பு சுமார் 42 மில்லிமீட்டர் அகலம். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். வெர்னியர் காலிப்பர் ஒன்றும் பெரிய விலை இல்லை. அறுநூறு யூரோ கொடுக்கத் துணிந்தவர்கள் இருபது யூரோக் கருவிக்கு யோசிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பழசாக இருக்கிறதே என்பார்கள். அழுக்கு வேறு, பழமை வேறு. உண்மையான தேய்மானம் இடம் பார்த்து வரும்: சட்டையில் உரசும் பின்பக்கம், விரல் படும் முனைகள், மேடான இடங்கள். ரசாயனத்தில் முக்கி எடுத்தது மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே சீராகக் கறுத்திருக்கும். முகம் நூறு வருடம் தேய்ந்த மாதிரி இருந்து, பின்பக்கத்து ஊசியின் கீல் மட்டும் நேற்றுப் பூட்டிய மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முத்திரைகளைப் பற்றி ஒன்று. ரிப்பன் கோக்கும் வளையத்தில் எண்ணோ எழுத்தோ இருந்தால் உடனே அசல் என்று குதிக்கிறார்கள். முத்திரையே இல்லாத அசல்கள் நிறைய உண்டு. போலி செய்பவனும் முத்திரை குத்துவான், அதுவும் பிரபலமானதாகப் பார்த்துக் குத்துவான். முத்திரை உதவுவது கதையைச் சோதிக்கத்தான். எல் என்ற எழுத்து, ஒரு சாய்கோடு, பிறகு எண் என்று இருப்பவை, 1941-இல் தொடங்கிய பதக்கத் தயாரிப்பாளர் அமைப்பின் முறை. அப்படி முத்திரை குத்திய சிலுவையைக் காட்டி, 1914-இல் கப்பலில் இருந்தவருக்கு அப்போதே கொடுத்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

1939 வகைகளின் நடுவில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருக்கும், அவற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது இங்கே குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். வரலாறு, ஆய்வு, கல்வி போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் சந்தைக் கடைகளில் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள், இணைய விற்பனைப் படங்களிலும் மறைத்திருப்பார்கள். பார்க்க வேண்டிய முக்கியமான இடம் சரியாக அந்த ஸ்டிக்கருக்கு அடியில்தான் இருக்கிறது! கடைக்குள்ளே எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் 1957. அந்த வருடச் சட்டப்படி, பழைய வீரர்கள் நாஜிச் சின்னம் நீக்கிய வடிவத்தில் தங்கள் பதக்கங்களை அணிந்துகொள்ளலாம் என்று மேற்கு ஜெர்மனி அனுமதித்தது. சிலுவையின் நடுவில் ஓக் இலைகள் வந்தன. இவை போலி அல்ல, சட்டப்படி செய்தவை, ஆனால் விலை குறைவு. இந்த 1957 சிலுவையைப் பிரித்து, நடுத்துண்டை எடுத்துவிட்டு 1939 என்று அடித்த நடுத்துண்டைப் பொருத்தி விற்கிறார்கள். விளிம்பு நல்ல வேலைப்பாடு, பற்றவைப்பும் இருக்கும், காந்தமும் ஒட்டும். என் மேசையில் என்னையே அரைமணி நேரம் உட்கார வைப்பது இந்த வகைதான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், முதல் வகுப்புச் சிலுவை ஒன்றைப் பெட்டியோடு வாங்கினேன். பெட்டி அருமை, உள்ளே வெல்வெட் பழுத்த நிறம், கீல் அசல், எல்லாம் அசல். அந்த மயக்கத்தில் சிலுவையைச் சரியாகப் பார்க்கவில்லை. நகைப்பெட்டி அசல், நகை கவரிங். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, பட்டறைச் சாவிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ரிப்பனுக்கும் துணி பேட்ஜுக்கும் புற ஊதா விளக்கு காட்டுவது நல்ல பழக்கம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டிகள் சேர்ந்த நூல் நீலமாக ஒளிரும். ஆனால் அசல் துணியை யாராவது சோப்புப் பவுடரில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிரவில்லை என்பதும் அசல் என்ற சான்று ஆகாது. நூலை எரித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அசலாக இருந்தால் எரித்தது நீங்கள்தானே?

நம்மவர்கள் தேடி வாங்கும் இன்னொன்று ஆசாத் ஹிந்த் பதக்கங்கள். நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது 1942-இல் ஏற்படுத்தியவை. போருக்குப் பிறகு அடித்தவை சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. உணர்ச்சிவசப்பட்டு வாங்குகிறோம் என்பது விற்பவருக்கும் தெரியும். தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் ஒரு யூரோகூட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1934-இல் ஏற்படுத்திய உலகப்போர் கௌரவச் சிலுவையிலிருந்து தொடங்குங்கள். வாள் பொறித்த வகை மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள், விலை மிகக் குறைவு, யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை. பத்துப் பதினைந்தை வாங்கிக் கையில் வைத்து உருட்டுங்கள். அச்சில் அடித்த உலோகத்தின் ஓரம் எப்படி இருக்கும் என்று விரல் பழகட்டும். பெரிய விலைப் பொருளுக்கு ஒரு வருடம் கழித்துப் போகலாம். விற்பவரிடம் எழுத்தில் ரசீது கேளுங்கள்: என்ன பொருள், எந்தக் காலம், அசல் இல்லையென்றால் பணம் திரும்ப. எழுதித்தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. விற்பவரே அச்சடித்துத் தரும் பளபளப்பான சான்றிதழ் எதற்கும் ஆகாது.

யாரிடமாவது காட்டி அபிப்பிராயம் கேட்பதென்றால் முன், பின், பக்கவாட்டு, வளையம், ஊசிக் கீல் என்று தனித்தனியாகப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எடை எழுதுங்கள். முக்கியமாக, காட்டுவதற்கு முன் பாலிஷ் போடாதீர்கள். போன மாதம் ஒரு நல்ல 1870 சிலுவை பளிச்சென்று வந்தது. பல் துலக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாராம்.