ரேடியம் இல்லை சார், கண்ணாடி

போன வாரம் மழை கொட்டித் தீர்த்த ராத்திரி, பதினொன்றரை இருக்கும், ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு போன். முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த பெரியவர். அவருடைய தங்கை மகன் வெளிவட்டச் சாலையில் பைக்கில் வரும்போது, மீடியன் (ரோட்டு நடுவிலுள்ள தடுப்பு) ஆரம்பிக்கிற இடத்தில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்து படுத்திருக்கிறான். "கோடே தெரியலையாம் தம்பி. என்னதான் பெயிண்ட் அடிக்கிறீங்க? நல்ல ரேடியம் பெயிண்டா அடிக்கக் கூடாதா?"

பெங்களூரில் சாலைக் கோடு போடும் வேலையில் எனக்கு 16 வருடம் ஆகிறது. இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த நான்காவது போன் இது. நான்கு பேரும் கேட்டது அதே ரேடியம்.

முதலில் இதை முடித்துவிடுகிறேன். வண்டிக்கு மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டும் கடை எல்லாமே நம் பேச்சில் ரேடியம் கடைதான், சரி. ஆனால் அந்த ஸ்டிக்கரிலும் ரேடியம் இல்லை, ரோட்டிலும் இல்லை. ரேடியம் என்பது 1898இல் கியூரி தம்பதி கண்டுபிடித்த கதிரியக்கத் தனிமம். ஒரு காலத்தில் கடிகார முள்ளிலும் எண்களிலும் அது கலந்த பூச்சைப் பூசினார்கள். இருட்டில் தானாகவே மினுங்கும். பூச்சு தொட்ட பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்களில் பலர் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அதைக் கொண்டுவந்து யாராவது ஓசூர் ரோட்டில் கொட்டுவார்களா? ரோட்டுக் கோடு தானாக ஒளிராது. உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தை வாங்கி உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டை அணைத்தால் கோடும் அணைந்துவிடும்.

திருப்பி அனுப்புவது கண்ணாடி மணி, அதாவது கோட்டின் மேல் தூவுகிற குட்டிக் கண்ணாடி உருண்டைகள். சாக்கைப் பிரித்துக் கைவிட்டால் பொடிச் சர்க்கரை போலத்தான் இருக்கும், ஆனால் விரலிடுக்கில் நிற்காமல் வழிந்தோடும். லாரித் தளத்தில் ஒரு பிடி சிந்தினால் அன்றைக்கு எவனாவது மல்லாக்க விழுவான். கோட்டுக்கான தெர்மோபிளாஸ்டிக்கை, அதாவது சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பிளாஸ்டிக் கலவையை, உருக்கி 2.5 மி.மீ. கனத்தில் போட்டு, அது ஆறுவதற்குள் சதுர மீட்டருக்கு 250 கிராம் மணி தூவ வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. ஒவ்வொரு மணியும் பாதிக்குச் சற்று மேல் புதைந்து, மிச்சம் வெளியே நிற்க வேண்டும். தூவும் பெட்டி அடைத்துக்கொண்டால் கையால் வீசிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. அதற்குள் மேலே தோல் கட்டியிருக்கும்; முதல் பஸ்ஸோடு மணியும் போய்விடும்.

மழையில் அந்த மணியைத் தண்ணீர்ப் படலம் மூடிக்கொள்கிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதில் பட்டு முன்பக்கமாக வழுக்கிப் போய் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். உள்ளே நுழைகிற கொஞ்சமும் சரியாக வளையாது. ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண்; சாதா மணிக்கு அது 1.5, தண்ணீருக்கு 1.33. வித்தியாசம் போதாது, அவ்வளவுதான். பெயிண்டில் கலப்படமே இல்லாவிட்டாலும் கோடு காணாமல் போகும்.

போனில் சொன்னால் பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நேரிலேயே போனேன். அவர்கள் கேட்டுக்கு வெளியே சமீபத்தில் போட்ட கோடு ஒன்று இருந்தது. செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பத்து எட்டு தள்ளி நிற்கச் சொன்னேன். "பளபளன்னு இருக்கே!" என்றார். டார்ச்சை இடுப்புக்கு இறக்கச் சொன்னேன். கோடு மங்கிவிட்டது. ரேடியமாக இருந்தால் ஏன் மங்க வேண்டும் என்று கேட்டேன், பதில் இல்லை. திரும்பவும் டார்ச்சைக் கண்ணருகே வைக்கச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரைக் கோட்டின் மேல் ஊற்றினேன். சுவிட்சைத் தட்டியது போல இருட்டு. அங்கங்கே மேடாக நின்ற இடத்தில் நாலைந்து பொட்டு மட்டும் மினுங்கியது. வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இது என் வித்தை இல்லை. ஐரோப்பாவின் ஈ.என். 1436 தரநிலையில் ஈரச் சோதனையே இப்படித்தான்: வாளித் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து, 30 மீட்டர் தள்ளி வரும் காரோட்டிக்குக் கோடு எவ்வளவு தெரியும் என்று கருவியில் அளக்கிறார்கள். நாங்கள் காய்ந்த ரோட்டில் அளந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

மழையில் தெரிகிற கோடு இல்லாமல் இல்லை. தட்டையாகப் போடாமல் வரிவரியாக மேடு வைத்துப் போட்டால் தண்ணீர் பள்ளத்தில் வடிந்துவிடும், மேட்டிலுள்ள மணி வெளியே நிற்கும். சக்கரம் ஏறினால் கடகடவென்று சத்தமும் கேட்கும். ஈரத்துக்கென்றே ஒளிவிலகல் எண் 2.4 வரை உள்ள மணி கிடைக்கிறது, விலை அதிகம். அப்புறம் கேட் ஐ (பூனைக்கண்), ரோட்டில் பதித்து வைக்கிற, வெளிச்சம் பட்டால் மினுங்கும் சின்னக் கட்டை. 1934இல் இங்கிலாந்தில் பெர்சி ஷா உருவாக்கிய பழைய சங்கதிதான், ஆனால் படலத்துக்கு மேலே தலைதூக்கி நிற்பதால் இன்றும் மழையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஊர் முழுக்க வேண்டாம். மீடியன் தொடங்குகிற இடம், மேம்பால வளைவு, இந்த இரண்டுக்காவது குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கேளுங்கள். "மேலே இன்னொரு கோட்டிங் அடிங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கோட்டிங் மேல் கோட்டிங் ஏறினால் கோடு வரப்பு மாதிரி தண்ணீரைத் தடுத்துத் தேக்கும், பைக்கும் வழுக்கும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியது போல மூழ்கினால் எந்த மணியும் உதவாது. அது வடிகால்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஓட்டுகிறவர்களுக்கு: மழையில் ஹை பீம் போடாதீர்கள். கோடு கூடுதலாகத் தெரியாது, மழைத்துளிதான் வெள்ளைத் திரையாக நிற்கும். ஹெட்லைட் கண்ணாடியில் ஒட்டிய சேற்றைத் துடையுங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் வைசரை மாற்றுங்கள், இரண்டு பிரியாணி காசு. காரில் தெரிகிற கோடு லாரி ஓட்டுநருக்கு அவ்வளவு தெரியாது. விளக்குக்கும் அவர் கண்ணுக்கும் இடைவெளி அதிகம். அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். கோடு மறைந்துவிட்டதா, உடனே வேகத்தைக் குறையுங்கள். பழகின ரோடு என்று மனப்பாடத்தில் ஓட்டாதீர்கள் தம்பிகளா, அந்தப் பையனும் தினமும் போகிற ரோடுதான் அது. இன்னொன்று, ஈரமான ஜீப்ரா கோட்டின் மேல் பைக் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். கோடு வருவதற்குள் பிடித்து முடித்துவிடுங்கள்.