பக்கக் கூடாரத்தில் சொட்டுவது மழைநீர் அல்ல

ஊட்டியில் ஜனவரி மாத விடியற்காலை. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன கேம்பிங் டிரெய்லரோடு இணைத்த பக்கக் கூடாரத்தின் உட்கூரையைத் தொட்டால் விரல் நனைகிறது. டிரெய்லரின் பக்கவாட்டில் உள்ள அலுமினியச் சேனலில், அதாவது நீளப் பள்ளத்தில், துணி கோத்திருக்கும் இடத்தில் முத்து முத்தாக நீர். இரவு மழையே இல்லை. துணி ஒழுகுகிறது என்று நினைத்து நீர்புகாப் பூச்சு அடிப்பார்கள், மறுநாளும் சொட்டும்.

அந்த நீர் உள்ளே இருந்தவர்களுடையது. தூங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் ஏறக்குறைய 300 மில்லி நீரை ஆவியாக விடும். இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரக் கூடாரத்தில் 10 கன மீட்டர் காற்று. 5 டிகிரி குளிரில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து 70 கிராம் நீராவியைத்தான் தாங்கும். இருவர் படுத்தால் மீதி எங்கே போகும்? மேகமில்லாத இரவில் கூரைத்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். நீராவி முதலில் படிவது அங்கேதான்.

குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவதுதான் பெரிய தவறு. ஒரு பக்கம் கீழே ஒரு சாண், எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி நான்கு விரல் திறந்து வையுங்கள். ஈரக்காற்று மேலே ஏறி வெளியேறும். குளிர் உண்மையில் நுழைவது டிரெய்லரின் அடியிலிருந்து. சக்கரத்தையும் சேர்த்து மறைக்கும் அடித்துணி கட்டினால் அது நிற்கும். தரைவிரிப்பின் ஓரம் கூடாரச் சுவருக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியே நீண்டால் சுவரில் வழியும் மழைநீரை அதுவே உள்ளே அழைத்து வரும்.

கட்டும்போது டிரெய்லரை மட்டம் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மூலைக்கால்களை இறக்கிய பிறகே துணியைச் சேனலில் கோக்க வேண்டும். முதலில் கோத்துவிட்டு மட்டம் பார்த்தால் சேனல் சரிந்து கூரை தொய்யும். தொய்வில் மழை தேங்கும்: ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. நின்றாலே 50 கிலோ. கம்பி வளைந்துவிடும். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் விளிம்புக் கயிறு சேனலில் சிக்கினால் மெழுகுவத்தியைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

இடமும் முக்கியம். குளிர்காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டிக்கு அருகிலுள்ள தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான். பள்ளத்தை விட்டுச் சற்று மேலே நிறுத்துங்கள். மரத்தடியில் நீர்ப்பனி குறையும்; ஆனால் யூகலிப்டஸ் வேண்டாம், கிளை முறிந்து விழும்.

கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது. 100 கிராம் கேஸ் எரிந்தால் 160 கிராம் நீர் பிறக்கும் என்பது சின்ன தொல்லை. கரியடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

காலையில் உட்கூரையைப் பருத்தித் துணியால் துடைத்து, வெயில் ஏறியபின் மடியுங்கள். ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால், மேட்டுப்பாளையம் இறங்கிய அன்றே விரித்துக் காயவைக்க வேண்டும். சமவெளி வெப்பத்தில் இரண்டொரு நாளிலேயே தையலோரம் பூஞ்சை கறுக்கத் தொடங்கிவிடும்.