இழுத்தால் சுருளும் பனியன்

கொருக்குப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டு வாசலில் கிடக்கும் கால்மிதி, போன வருஷம் வரை என் அண்ணனின் மூன்று டீ-ஷர்ட். கீழ்மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் கத்தரியை ஓட்டி, ஆரஞ்சுத் தோலை அறாமல் உரிப்பது போலச் சுற்றிச் சுற்றி அக்குள் வரை வெட்டிக்கொண்டே போவார். பக்கத் தையல் இல்லாத டீ-ஷர்ட் என்றால் ஒட்டே இல்லாமல் ஒரே நீள நாடா கிடைக்கும்.

"இப்ப இழுத்து வுடு. தானா சுருண்டுக்கும்."

இழுத்தேன். தட்டை நாடா நூடுல்ஸ் போல உருண்டுகொண்டது. அதே அகலத்தில் பழைய லுங்கியைக் கிழித்து இழுத்துப் பார்த்தேன். ஓரத்தில் நூல் பிரிந்ததுதான் மிச்சம்.

லுங்கி நெய்த துணி. பாவு நீளவாக்கில், ஊடை குறுக்குவாக்கில், இரண்டும் கிட்டத்தட்ட நேராகவே ஓடுகின்றன. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, சர்ரென்று நூல் பிடித்தாற்போலக் கிழித்துத் தருவார்களே, அது இதனால்தான். கிழிசலின் வாயில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள் மட்டுமே மொத்த இழுவையையும் தாங்குகின்றன. அவை அறுந்ததும் பாரம் அடுத்த நூலுக்குப் போகிறது. பனியனை அப்படிக் கிழிக்க முயன்றால் கை வலிக்கும். அது பின்னிய துணி. நூலை வளையமாக்கி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் கண்ணிகள் நெளிந்து நீண்டு, பாரத்தைப் பக்கத்துக் கண்ணிகளுக்கும் பங்கு போட்டுவிடும்.

சுருளுவதும் கண்ணியால்தான். வளைத்து வைத்த நூல் ஒவ்வொன்றும் நிமிரப் பார்க்கிறது. சாதாரண பனியன் துணியின் முன்பக்கத்தில் கண்ணியின் கால்கள் தெரியும், பின்பக்கத்தில் அதன் வளைவுகள். இரண்டு முகமும் வேறு வேறாக இருப்பதால் நிமிரும் விசையும் சமமாக இல்லை. துணியின் நடுவில் அண்டை அயல் கண்ணிகள் பிடித்து வைத்திருக்கின்றன. வெட்டிய ஓரத்தில் பிடிக்க ஆளில்லை, சுருள்கிறது. டீ-ஷர்ட்டைச் சுற்றி வெட்டினால் ஓரம் முன்பக்கம் நோக்கித்தான் சுருளும். அதனால் வெளியே தெரிவது சட்டையின் உள்பக்கம். அண்ணனின் பளபள நீலம் கால்மிதியில் மங்கலாக இருப்பதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. நெஞ்சில் பெயின்ட் போல அச்சடித்த இடம் விறைத்துக்கொண்டு சுருளவே சுருளாது. அதைப் பெரியம்மா கரித்துணிக்கு ஒதுக்கிவிடுவார். கழுத்துப் பட்டியும் சுருளாது. அதில் முன்முகம் காட்டும் கண்ணியும் பின்முகம் காட்டும் கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒன்றின் விசையை மற்றொன்று சரிக்கட்டிவிடும்.

சுருண்ட நாடாக்களை மூன்று புரியாகச் சடை போட்டு, நத்தை ஓடு மாதிரி சுற்றி, கோணி ஊசியால் தைத்தால் கால்மிதி. சடையை இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று இறுக்குகின்றன, உராய்வு கூடுகிறது. நூலுக்குள்ளும் இதே கதைதான். பருத்தியின் ஒரு இழை பொதுவாக 2.5 முதல் 3 செ.மீ. வரைதான் இருக்கும். நூலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும் இழை ஒன்றுகூடக் கிடையாது. முறுக்குதான் அத்தனையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

ஹரியானாவின் பானிப்பட்டில் பழந்துணியை இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்றுக் கம்பளி செய்கிறார்கள். பெரிய தொழில்தான். ஆனால் பிய்க்கும்போது இழை அறுந்து குட்டையாகிறது. குட்டை இழைக்குப் பிடிமானம் குறைவு என்பதால் புது இழை கலந்தால்தான் நூல் நிற்கும். கத்தரி அப்படிப் பிய்ப்பதில்லை. நாடாவின் ஓரத்தில் வெட்டுப்பட்டவை போக, உள்ளே இருக்கும் முறுக்கு ஆலையில் போட்டபடியே இருக்கிறது. என்னைக் கேட்டால், பெரியம்மாவின் கத்தரிதான் துணிக்கு மரியாதை.

வியாசர்பாடியில் பந்தாடும் தம்பி ஒருவன் ஜெர்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பாலியஸ்டர், இரண்டு முகமும் ஒரே மாதிரி பின்னியது. எவ்வளவு இழுத்தும் சுருளவில்லை. கால்மிதியில் சேர்த்தால் ஈரத்தையும் பஞ்சு போல உறிஞ்சாது. தண்ணீர் ஊறாததற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசித்து, பெரியம்மா அதைச் சடை போட்டு மொட்டைமாடியில் கொடிக்கயிறாகக் கட்டிவிட்டார். ஈரப்போர்வை போட்டால் மட்டும் கொஞ்சம் தொய்கிறது.