ஒரே வளையில் இறாலும் உளுவையும்

மொரீஷியஸைச் சூழ்ந்துள்ள பவளத்திட்டுக்கு உட்புறம், அலையடங்கிய மணற்பரப்பின் மேல் மூச்சுக்குழாயுடன் அசையாமல் மிதந்து காத்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி வாய்ப்பதுண்டு. விரல் நீள மீனொன்று ஒரு துளையின் வாயிலில் வயிறு படிய அமர்ந்திருக்கும். சற்று நேரத்தில் அதன் பின்னாலிருந்து ஓர் இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டிவிட்டு உள்ளே திரும்பும். அந்த மீன் உளுவை வகையைச் சேர்ந்தது. இறாலோ ஆல்ஃபியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சொடுக்கு இறால். இறால் என்றதும் குழம்பை நினைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, ரோஸ்ஹில் நகரில் 80 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்றில் இந்த இணையை வளர்க்கத் தொடங்கிய பின்புதான் இறாலுக்கும் ஒரு குடித்தனம் உண்டு என்பது புரிந்தது.

வளையைத் தோண்டுவதும், சரியும் கூரைக்குச் சிப்பித் துண்டுகளை முட்டுக்கொடுப்பதும் இறாலின் வேலை. அதற்குப் பார்வை மிகவும் மங்கல். ஆகவே அது வெளியே வரும்போதெல்லாம் தன் மீசைகளில் ஒன்றையேனும் உளுவையின் உடல்மீது வைத்தபடியே நடமாடும். ஐயத்துக்குரிய ஏதேனும் தென்பட்டால் உளுவை தன் வாலை விரைந்து சிலிர்க்கும். அந்த அதிர்வு மீசை வழியாகத் தெரிந்தவுடன் இறால் பின்வாங்கிவிடும். ஆபத்து மிக அருகில் வந்துவிட்டால் உளுவையே தலை முன்செல்ல வளைக்குள் பாய்ந்துவிடும். செங்கடலில் இந்தச் சைகைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த இலான் கார்ப்பிளஸ், இறால் தன் துணையை வாசனையாலும் உளுவை தன் துணையைக் கண்ணாலும் தேடிக் கண்டுகொள்வதைச் சோதனைகளில் காட்டினார். வளைக்குள் உளுவை விடும் எச்சமும் இறாலுக்கு முக்கியமான உணவாகிறது என்று 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினர். காவலுக்கான கூலி என்று நாம் எண்ணியிருந்த வளைக்கு, இப்படி வாடகையும் செலுத்தப்படுகிறது.

சொடுக்கு இறால் என்னும் பெயர் அதன் பெரிய கவ்வியால் வந்தது. கவ்வியின் இரு பகுதிகளும் மின்னல் வேகத்தில் மூடும்போது நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் நீர்த்தாரை ஒன்று பீய்ச்சப்படுகிறது. அதன் வேகத்தால் அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு நீராவிக் குமிழி தோன்றி, உடனே நொறுங்குகிறது. நாம் கேட்கும் ஒலி கவ்வி மோதுவதால் அன்று, அக்குமிழி நொறுங்குவதாலேயே எழுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் அதிவேக ஒளிப்பதிவு உறுதிசெய்தது. அந்த நொடியில் மிக மங்கலான ஓர் ஒளிக்கீற்றும் வெளிப்படுவதாக மறு ஆண்டு தெரிய வந்தது. கவ்வி ஒடிந்துபோனால், மறுபக்கத்துச் சிறிய கவ்வி அடுத்தடுத்த தோலுரிப்புகளில் பெரிதாகி அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும். தொட்டியின் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அது தேவையற்ற அச்சம். குமிழியின் வீச்சு மிகச் சிறியது, உளுவையோடு வாழும் இனங்களும் பெரும்பாலும் அமைதியானவை.

கடைகளில் கிடைக்கும் இணைகளுள் மஞ்சள் நிற உளுவையும் புலிவரி கொண்ட ஆல்ஃபியஸ் பெல்லுலஸ் இறாலும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. அவற்றைக் கடலிலிருந்து நாமே பிடித்து வருவது தகாது. ப்ளூ பே கடற்பூங்கா போன்ற காப்பிடங்களில் எதையும் எடுக்கவே கூடாது.

தொட்டி அமைக்கும்போது மீனைக் காட்டிலும் மணலைப் பற்றியே நான் அதிகம் யோசிப்பேன். ஒரே அளவான நுண்மணலில் வளை நிற்காது. நுண்மணலோடு பருமணலும், உடைந்த பவளமும், சிப்பித் துணுக்குகளும் கலந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை பரப்பினால் இறாலுக்குச் சுவர் கட்டவும் கூரை வேயவும் பொருள் கிடைக்கும். பாறைகளை மணல்மீது வைக்காமல் முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிலையாக அமர்த்தி, பிறகே மணலை நிரப்ப வேண்டும். ஏனெனில் இறால் அடியைத் தோண்டிக்கொண்டே இருக்கும், மேலே நிற்கும் பாறை சரிந்தால் அதன் வீடே அதற்குக் கல்லறையாகும். நீரின் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவிலும் வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியஸிலும் நிலைத்திருப்பது நல்லது. உப்பின் அளவு திடீரென மாறினால் இறால் தாங்காது என்பதால், புதிதாக வாங்கி வந்ததைச் சொட்டுச்சொட்டாகத் தொட்டி நீர் சேர்த்து ஒன்றிரண்டு மணிநேரம் பழக்கிய பின்பே விட வேண்டும். மீன்நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்தை இத்தொட்டியில் ஊற்றினால் உளுவை பிழைக்கலாம், இறால் பிழைக்காது. உளுவை துள்ளக்கூடியது, மூடி இல்லாத தொட்டியில் அதைக் காலையில் தரையில் காண நேரும்.

நம் தீவில் கூடுதலாக இரண்டு தொல்லைகள் உண்டு. கோடையில் நீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை என்பதால் குறைந்த அளவை நன்னீர் கொண்டே ஈடுசெய்ய வேண்டும், உப்புநீர் ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். புயற்பருவத்தில் மின்சாரம் நின்றால் சிறு தொட்டியின் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோன பிறகு, மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று என் தொட்டியருகே எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது.

இரண்டையும் விட்ட முதல் சில நாட்களில் இறால் கண்ணிலேயே படாமல் போகலாம். தோலுரிக்கும் காலத்திலும் அப்படித்தான். அது இறந்துவிட்டதென்று பாறையைத் தூக்கிப் பார்ப்பது வளையை இடித்துவிடும். வாயிலுக்கு அருகே சிறு இரைத்துணுக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, மறுநாள் காலையில் அங்கே புதிய மணற்குவியல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.